முத்துக்கரையில் நின்று அக்கரையைப் பார்த்தால்...

சென்னை எழும்பூரிலிருந்து மாலையில் புறப்படும் முத்துநகர் விரைவு இரயில் மறுநாள் காலையில் உங்களைத் தூத்துக்குடியில் இறக்கிவிடும். உப்பின் மணம் கலந்த கடற்காற்றுதான் உங்களை முதலில் வரவேற்கும். வெள்ளி மலைகளைப் போல் குவிந்து கிடக்கும் உப்பளங்களையும், 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இன்று வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் புதிய துறைமுகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் என்னுடன் பழைய துறைமுகத்துக்கு வாருங்கள்.

அங்கே வரிசையாக நிற்கும் மரத்தோணிகளைப் பாருங்கள். பெரிய பெரிய இரும்புக் கப்பல்கள் வந்துவிட்ட இக்காலத்திலும் தோணித் தொழில் இவ்வூரில் முற்றிலும் அழிந்துவிடவில்லை. தண்டல் என்று அழைக்கப்படும் தலைவரின் பொறுப்பில், வெங்காயமும் காய்கறியும் மளிகைப் பொருள்களும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு இத்தோணிகள் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்வதுண்டு. ஆனால், தலைமுறை தலைமுறையாக இத்தோணிகளுக்குச் சொந்தப் பாதையாக இருந்தது கொழும்புப் பாதையே ஆகும்.

கொழும்பு இங்கிருந்து சுமார் 150 கடல் மைல் தொலைவுதான். 1876ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை தூத்துக்குடியைத் தொட்டது. அன்று முதல், 1914இல் தனுஷ்கோடி வழியாகப் பாதை திறக்கப்படும் வரை, இலங்கைக்குச் செல்லும் பயணிகளுக்குத் தூத்துக்குடியே தலைவாசலாக விளங்கிற்று. வெள்ளையரின் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக வ.உ.சி. அவர்கள் 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவியதும் இந்தக் கொழும்புப் பாதையில் கப்பல் விடுவதற்காகத்தான். அச்சங்கத்தில் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கி அதைத் தாங்கிப் பிடித்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இத்தனை உயிர்ப்புடன் இருந்த கடற்பாதையை எது அடைத்தது? புயலா? ஆழமின்மையா? இல்லை. அக்கரையில் 1983ஆம் ஆண்டு ஜூலையில் மூண்டு, 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற உள்நாட்டுப் போர்! போர் ஓய்ந்த பின்னர், 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் ஒன்று விடப்பட்டது. சில மாதங்களே ஓடி, அவ்வாண்டு நவம்பரிலேயே அது நின்றுபோயிற்று. இருபத்தாறு ஆண்டுகளில் அறுந்த உறவை ஆறு மாதத்தில் முடிந்துவிட முடியுமா?

அந்தப் போரை நிறுத்துவதற்கு எத்தனையோ நாடுகள் முயன்றன. எத்தனையோ நகரங்களில் மேசைகள் போடப்பட்டன. அந்த மேசைகளில் யார் அமர்ந்தார்கள், யார் அமரவில்லை என்பதை இந்தக் கரையில் நின்றுகொண்டு உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், அமராதவர்களுள் நம்முடைய உறவினர்கள் இருந்தார்கள்.

கடலுக்குள் ஒருவர், கயிற்றில் ஒருவர்

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர் வந்தது சும்மா அன்று. பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இங்கிருந்து தெற்கே சிறிது தூரத்தில்தான் இருந்தது. கடல் பின்வாங்கியதால் இன்று அது உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. கடலடிப் பார்களில் விளைந்த முத்துச்சிப்பிகளை எடுக்கும் பருவத்தைச் சலாபம் என்பார்கள். இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு பத்துப் பாகம் வரை ஆழத்தில் இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு மேலே வரவேண்டும். பரதவக் கிறிஸ்தவர்களும் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் அருகருகே படகுகளை நிறுத்திக் குளித்த தொழில் இது.

குளிப்பவரின் உயிர், படகில் இருந்து கயிறு பிடிப்பவரின் கையில் இருந்தது. ஆகவே, கயிறு பிடிக்கும் வேலையை மைத்துனரிடமே கொடுப்பார்கள் என்று இக்கரையில் சொல்வார்கள். தன் சகோதரியின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற அச்சம் அவருக்கு இருக்குமல்லவா! பிறருடைய உயிரைக் காக்க முன்வருபவர், அந்த உயிர் போனால் தாமும் இழப்பவராக இருக்க வேண்டும் என்பது இக்கரை மக்களின் அனுபவ அறிவு.

அதைக் கசப்பான முறையிலும் இக்கரை கற்றதுண்டு. 1530களில் சலாப உரிமை பற்றி முஸ்லிம்களுக்கும் பரதவர்களுக்கும் பூசல் மூண்டபோது, பரதவர்கள் கொச்சியிலிருந்த போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடினார்கள். 1538இல் வேதாளையில் கடற்போர் நடந்தது. முடிவில் சலாபத்தின் மேலாதிக்கம் பரதவர்களுக்கும் இல்லை, முஸ்லிம்களுக்கும் இல்லை, போர்த்துகீசியருக்குப் போயிற்று. அவர்களிடமிருந்து 1658இல் டச்சுக்காரர்களுக்கும், பின்னர் ஆங்கிலேயருக்கும் கைமாறிற்று. வழக்கைத் தீர்க்க வந்தவர் முத்தை எடுத்துக்கொண்ட கதை அது. இன்று பனிமய மாதா ஆலயத்தின் மணியோசையும் நம் பள்ளிவாசல்களின் பாங்கோசையும் ஒரே கடற்காற்றில் கலந்து வருகின்றன, அல்ஹம்துலில்லாஹ்! முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டுச் சலாபத்துடன் நின்றுவிட்டது. 1973இல் இங்குள்ள கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள் என்றாலும், பழைய சலாபம் திரும்பவில்லை.

காயல்பட்டினக் கடற்கரை

இப்பொழுது பேருந்தில் ஏறித் தெற்கே வாருங்கள். பழையகாயலையும் தாமிரபரணியையும் கடந்தால், தூத்துக்குடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் காயல்பட்டினம். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு வியந்த காயல் துறைமுகத்தின் வாரிசு இந்த ஊர். பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் பிறர் கண்ணில் படாமல் சென்றுவரக்கூடிய குறுகிய முடுக்குகளும், பள்ளிவாசல் மினாராக்களும், அந்தி வேளையில் மக்கள் கூடும் மணற்பரப்பும் கண்ணுக்கு இதமானவை.

இவ்வூரில் நீங்கள் எந்தத் திண்ணையில் அமர்ந்தாலும் கொழும்பைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார், காக்கா இரத்தினக்கல் வியாபாரம் செய்தார் என்று சொல்லாத குடும்பம் அரிது. இவ்வூரில் 1816இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸாஹிப் அவர்கள், இலங்கை முழுவதும் பயணம் செய்து பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் எழக் காரணமாக இருந்தார்கள். அரபுத்தமிழ் நூல்களை இக்கரைப் பெண்களும் அக்கரைப் பெண்களும் ஒரேவிதமாக ஓதி வந்தார்கள். எங்கள் இளமைக் காலத்தில் ரமழான் இரவுகளில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி ஒலிக்காத வீடு இல்லை.

காயல்பட்டினத்தின் மணலில் கிழக்கு நோக்கி நில்லுங்கள். வெறும் நீலப் பரப்புதான் தெரியும். ஆயினும், உங்கள் பார்வை நேர்கோட்டில் செல்லுமானால், சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் அது தட்டும் கரை எது தெரியுமா? மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள மரிச்சுக்கட்டி! ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் புகழ்பெற்ற சலாபங்கள் கூடிய இடம் அது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் காட்டோரத்து மணலில் ஒரு நகரமே முளைத்தது. நம் கரையின் குளியாட்களும் அரபு நாட்டுக் குளியாட்களும் அங்கே கூடினார்கள். அதற்குத் தெற்கே புத்தளம். 1344இல் உலகப் பயணி இப்னு பதூதா வந்திறங்கிப் பாரசீகம் அறிந்த ஆரியச் சக்கரவர்த்தி என்ற மன்னரைக் கண்டதும், அவர்முன் குவிந்திருந்த முத்துகளைப் பார்த்ததும் அங்கேதான்.

மரிச்சுக்கட்டி, புத்தளம் ஆகிய இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990 அக்டோபர்

இலங்கையின் வடமாகாணத்தில் நூற்றாண்டுகளாக வாழ்ந்த முஸ்லிம்கள், நம்மைப் போலவே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவும் ஒஸ்மானியா கல்லூரியும், மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியும், முசலிப் பகுதியில் மரிச்சுக்கட்டியும் அவர்களுடைய ஊர்களாக இருந்தன. தமிழ் மக்கள் பட்ட துன்பத்தை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். குண்டுகளுக்கு அவர்களும் அஞ்சி ஒளிந்தவர்களே.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டில், கிழக்கே காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில், வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஆணையிட்டார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களை அக்டோபர் 30ஆம் நாள் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூடச் சொல்லி, இரண்டு மணி நேர அவகாசமே கொடுத்தார்கள். நகை, பணம், பொருள் அனைத்தையும் விட்டுவிட்டு, சிறு தொகையுடன் அவர்கள் புறப்பட்டார்கள். மன்னார்த் தீவின் மக்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து, படகுகளில் நெருக்கியடித்துக் கற்பிட்டி வந்து சேர்ந்தார்கள். நம் முன்னோர் முத்துக்குளித்த அதே கடல்! ஏறக்குறைய 75,000 பேர் அகதிகளாயினர். அவர்களுள் பெரும்பாலோருக்குப் புகலிடம் தந்தது புத்தளம். அவ்வூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். முஹாஜிர்களை ஏற்ற அன்ஸார்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். நம் காலத்தில் நமக்கு அண்மையிலேயே அது நடந்தது.

கிழக்கில் தமிழ்க் கிராமங்கள்மீது முஸ்லிம் ஊர்காவல் படையினர் சிலர் செய்த கொடுமைகளையும் மறைத்துப் பேசுவது முறையாகாது. இரத்தம் எந்த வீட்டு முற்றத்தில் சிந்தினாலும் இரத்தம்தான். கடல் கடந்து நம் மாநிலத்தின் முகாம்களுக்கு வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களை, எட்டயபுரம் பக்கத்துத் தாப்பாத்தி முகாம் வரை, இம்மாவட்டத்தார் அறிவார்கள். இரண்டு அகதிகளும் ஒரே போரின் பிள்ளைகளே.

இரண்டு நாற்காலிகள் மட்டும்

இனி அந்த மேசைகளுக்கு வருவோம். 1983 கலவரத்தை அடுத்து, பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் தம் தூதராக ஜி. பார்த்தசாரதி அவர்களைக் கொழும்புக்கு அனுப்பினார். 1985 ஜூலையிலும் ஆகஸ்டிலும் இந்தியாவின் ஏற்பாட்டில் பூட்டான் தலைநகர் திம்புவில் பேச்சு நடந்தது. ஒருபுறம் இலங்கை அரசு, மறுபுறம் தமிழ் இயக்கங்களும் தமிழர் கட்சியும். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தி அவர்களும் ஜெயவர்தனா அவர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மாகாண சபைகள் பிறந்ததும், தமிழும் ஆட்சிமொழி ஆனதும் அதன் நற்பலன்கள். ஆனால், வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டபோது, கிழக்கின் மக்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரான முஸ்லிம்களைக் கலந்து பேசியவர் எவரும் இல்லை. தங்களைக் கேளாமலே தங்கள் மண்ணின் எல்லை மாற்றப்பட்டது என்ற மனக்குறையை, எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் தலைமையில் முஸ்லிம் காங்கிரஸ் எடுத்துச் சொல்லிற்று.

இந்திய அமைதிப் படை 1990 மார்ச்சில் திரும்பியது. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி அவர்கள் கொல்லப்பட்ட பின்னர், புது டில்லி நேரடி நடுவராக நிற்பதற்கு இடமில்லாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தில் வந்து நின்றது நார்வே. எரிக் சொல்ஹெய்ம், விதார் ஹெல்கெசன் ஆகியோரின் முயற்சியால் 2002 பிப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வழி பெற்றது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். துப்பாக்கிகள் ஓய்ந்தன, ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது, பிரிந்தவர் கூடினர். அந்த நாள்களின் மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எத்தனையோ ஆயிரம் உயிர்களை அந்த ஒப்பந்தம் சில ஆண்டுகளேனும் காத்தது.

ஆனால், அந்த ஒப்பந்தத்தில் இரண்டு தரப்புகளே இருந்தன: அரசும் புலிகளும். முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாக இல்லை. 2002 ஏப்ரலில், வெளியேற்றத்துக்காகப் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். ஏப்ரல் 13இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சி சென்று பிரபாகரனுடன் உடன்பாடு கண்டார். வடக்கின் முஸ்லிம்கள் திரும்பலாம். பேச்சுகளில் முஸ்லிம்களுக்கு இடம் உண்டு என்ற நம்பிக்கை பிறந்தது.

செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப் நகரில் முதல் சுற்று தொடங்கியது. ரவூப் ஹக்கீம் சென்றார். ஆனால், முஸ்லிம்களின் தூதராக அல்ல, அரசுக் குழுவின் உறுப்பினராக! மறுபடியும் தாய்லாந்து, டிசம்பரில் ஆஸ்லோ, மீண்டும் தாய்லாந்து, பெர்லின், 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனே என்று ஆறு சுற்றுகள் நடந்தன. முஸ்லிம்களுக்குத் தனிக் குழு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்துகொண்டே இருந்தது. பொருத்தமான வேளையில் பார்க்கலாம் என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று. 2003 ஜனவரியில் ஒலுவில் நகரில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களின் முன்முயற்சியில் மக்கள் பெருந்திரளாகக் கூடித் தங்கள் உரிமையைப் பிரகடனம் செய்தார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். அந்தப் பொருத்தமான வேளை வரவே இல்லை.

2003 ஜூனில் டோக்கியோவில் உலக நாடுகள் கூடி 450 கோடி டாலர் உதவி தருவதாக வாக்களித்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது, கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதுவும் அடங்கிய அம்பாறை மாவட்டம். மடிந்தவர்களுள் மிகப் பலர் முஸ்லிம்கள். நிவாரணத்தைப் பகிர்ந்தளிக்க 2005 ஜூனில் அரசும் புலிகளும் ஒரு பொது அமைப்புக்குக் கையெழுத்திட்டனர். குழுக்களில் முஸ்லிம்களுக்குச் சில இடங்கள் தரப்பட்டன. கையெழுத்திடும் இடம் மட்டும் தரப்படவில்லை. அந்த அமைப்பும் உச்சநீதிமன்றத் தடையால் முடங்கியது. 2006இல் ஜெனீவாவில் இரண்டு முறை கூடிக் கலைந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மூதூரில் மூண்ட சண்டையில் முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே வெளியேறின. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் போர் முடிந்தது. இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச்செயலாளர் அமைத்த குழு 2011இல் அறிக்கை தந்தது. அவர்களுக்காகவும் நாம் கண்ணீர் சிந்தக் கடமைப்பட்டவர்கள்.

முஸ்லிம்களுக்கு நாற்காலி தராததால்தான் பேச்சு முறிந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. போரில் வெல்லலாம் என்ற எண்ணம் இரு தரப்பிலும் சாகவில்லை என்பதே முதற் காரணம். நார்வேயிடம் நல்லெண்ணம் இருந்தது. அவ்விரு தரப்பையும் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை. தன் முயற்சியைத் தானே ஆராயச் செய்து, அமைதியின் பகடைக்காய்கள் என்று பொருள்படும் தலைப்பில் 2011இல் அந்நாடு வெளியிட்ட அறிக்கையும் இதை ஒளிக்கவில்லை. ஆனால், அந்த அமைதி வென்றிருந்தாலும் அது யாருடைய அமைதியாக இருந்திருக்கும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆயுதம் வைத்திருப்பவனையே தரப்பு என்று கொள்வதானால், ஆயுதம் ஏந்தாதவனுக்கு நாம் கற்பிக்கும் பாடம் என்ன?

வேறு வழியே இல்லையா? இருந்தது. வட அயர்லாந்துப் பேச்சுக்காக 1996இல் தேர்தல் நடத்தி, பத்துக் கட்சிகளுக்கு மேசையில் இடம் தந்தார்கள். பெண்களின் கூட்டணி ஒன்றுகூட அதில் அமர்ந்தது. 1998இல் உடன்பாடு பிறந்தது. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலமும் அதே ஆழிப்பேரலையில் அழிந்தது. பின்லாந்தின் மார்ட்டி அஹ்திசாரி நடுவராக நிற்க, 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் அங்கே போர் முடிந்தது. ஒரே அலை, ஓரிடத்தில் பகையைக் கழுவியது. மற்றோரிடத்தில் பங்கீட்டுச் சண்டையை வளர்த்தது.

மரிச்சுக்கட்டி இன்று

ஒருநாள் அஸருக்குப் பிறகு காயல்பட்டினக் கடற்கரையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எருக்கலம்பிட்டியில் பிறந்தவர், புத்தளத்தில் வாழ்பவர், உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக 2002ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டேன்.

"தாய்லாந்திலே பேச்சு நடந்த நாள்களில், இஷா முடிந்ததும் நாங்கள் எல்லோரும் ஒரு ரேடியோவைச் சுற்றி உட்காருவோம், தம்பி. தமிழோசை முடிகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கமாட்டோம். எங்கள் ஊர்ப் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டே இருப்போம். வராது. மறுநாளும் உட்காருவோம்" என்றார்.

"இப்போது திரும்பிப் போகலாமே, ஹாஜியார்?" என்றேன்.

"நான் போய்விடுவேன். என் மக்கள் புத்தளத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்கு எருக்கலம்பிட்டி என்பது வாப்பாவின் கதைதானே!" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார்.

மரிச்சுக்கட்டிக்கும் அதன் அயலூர்களான கரடிக்குளி, பாலைக்குளிக்கும் போருக்குப் பின் திரும்பியவர்கள் தங்கள் நிலத்தில் காடு வளர்ந்திருக்கக் கண்டார்கள். இருபது ஆண்டுகள் ஆளில்லாத மண்ணில் மரம் முளைப்பது இயற்கை. 2012இல் அப்பகுதிகள் வன ஒதுக்கமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று ஒருசாரார் குற்றம் சாட்ட, எங்கள் பாட்டனாரின் கபர்ஸ்தான் அங்கே இருக்கிறது என்று மற்றொரு சாரார் சொல்ல, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. காட்டைக் காப்பதும் கடமைதான். ஆயினும், துரத்தப்பட்டவன் திரும்பி வருவதற்கான விதி எந்த மேசையிலும் எழுதப்படாமல் போனதன் விளைவை நீங்கள் இங்கே கண்கூடாகக் காணலாம்.

போர்வையின் ஓரம்

வாசகர்களே! கஃபாவைப் புதுப்பித்தபோது ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் வைப்பது யார் என்று குறைஷிக் குலத்தார் வாளை உருவும் நிலைக்கு வந்த வரலாறு நீங்கள் அறிந்ததே. நபித்துவம் பெறுவதற்கு முன்பு, முப்பத்தைந்து வயதில் இருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு துணியை விரித்து, அதில் கல்லை வைத்து, ஒவ்வொரு குலத்தின் தலைவரையும் அதன் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். வலிய குலத்துக்கு மட்டும் ஓரம் கிடைக்கவில்லை. எல்லாக் குலங்களுக்கும் கிடைத்தது. அதனால்தான் கல் உயர்ந்தது. வாள் உறைக்குள் சென்றது. திருமறையின் 49ஆம் அத்தியாயமும், சமாதானம் செய்து வைக்கும்போது நீதியுடன் செய்யுமாறு நமக்குப் பணிக்கிறது. சமாதானம் மட்டும் போதாது, நீதியும் வேண்டும்.

இது உலக நாடுகளின் தூதர்களுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. நம் முஹல்லாவில் ஒரு கணவன் மனைவி வழக்கு வருகிறது. ஜமாஅத் அலுவலகத்தில் இரு வீட்டு ஆண்களும் அமர்ந்து மணிக்கணக்கில் பேசி முடிவு செய்கிறார்கள். யாருடைய வாழ்வைப் பற்றி முடிவு செய்கிறார்களோ அந்தப் பெண் வீட்டுக்குள் காத்திருக்கிறாள், தன் பெயர் வருமா என்று ரேடியோவைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களைப் போல. சொத்துப் பிரிவினையில் சகோதரியைக் கேட்கிறோமா? பள்ளிவாசல் வழக்கில் ஏழைத் தெருவாரைக் கேட்கிறோமா? நாம் விரிக்கும் துணியின் ஓரம் யாருக்குக் கிடைக்கிறது என்பதை நாமே சிந்திக்க வேண்டும்.

மஃரிபு நேரம் நெருங்கிவிட்டது. கடற்கரையில் பிள்ளைகளின் விளையாட்டு ஓய்கிறது. பாங்கு ஒலிக்கிறது. இதே வேளையில், நேர் எதிரே மரிச்சுக்கட்டிப் பள்ளிவாசலிலும் திரும்பி வந்த சில குடும்பங்கள் ஸஃப்பில் நிற்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். நீங்கள் முத்துநகருக்கு வந்தால் உப்பளத்தைப் பாருங்கள், துறைமுகத்தைப் பாருங்கள், தவறாமல் இந்தக் கரைக்கும் வாருங்கள். கிழக்கு நோக்கி நின்று, அக்கரையில் வாழும் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லோருக்கும் நீதியோடு கூடிய அமைதி கிடைக்க ஒரு துஆச் செய்துவிட்டுச் செல்லுங்கள். கொழும்புத் தோணிகள் மீண்டும் நிறைந்த பாரத்தோடு புறப்படும் நாளை நம் பிள்ளைகளேனும் காணட்டும், இன்ஷா அல்லாஹ்!